கண்ணாடிக்குப் பின்னால் நின்றவன்

ஃபேனைக் கொஞ்சம் குறைத்தால் நன்றாயிருக்கும் சார். பாய்லர் அறையிலேயே காலத்தை ஓட்டியவனுக்கு இந்த ஸ்டேஷன் காற்று ஆகாது.

கேமராவைப் பற்றிக் கேட்டீர்கள். அது சூட்டைப் பார்க்கும். ஆறிய இடம் நீலம், சூடான இடம் மஞ்சள். இயந்திரம் படுத்துவிடுவதற்கு முன்பே அதற்கு எங்கே நோவு என்று சொல்லிவிடலாம். சுவருக்கு அந்தப்பக்கம்கூடக் காட்டும் என்று நம்பி, என் மாமனார் என் எதிரே வேட்டியை இழுத்து இழுத்துச் சரிசெய்வார். பாவம். இந்தக் கேமராவால் ஒரு கண்ணாடியைக்கூடத் தாண்டிப் பார்க்க முடியாது. கண்ணாடியும் பளபளக்கும் தகடும் அதற்குப் பொய் சொல்லும். எதிரே இருப்பதன் சூட்டைத்தான் திருப்பிக் காட்டும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

குழாய் வேலை பார்க்கும் எங்கள் ஃபிட்டரை எனக்குப் பிடிக்கும். வேலை செய்யும்போது வாய் ஓயாமல் பாடுவான், அதனால் எல்லோருக்கும் அவன் பாட்டுக்காரன். என் வீட்டில் அடிக்கடி சாப்பிடுவான்.

"அண்ணி, இவருக்கு எதுக்கு இவ்வளவு ருசியா செய்றீங்க? சூடா இருக்கான்னு மட்டும் பார்த்துட்டு எந்திரிச்சிடுவாரு" என்பான்.

நானும் சிரிப்பேன். அவன் போன பிறகும் என் மனைவி சிரித்துக்கொண்டிருப்பாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு மதியம் கேமராவோடு வீட்டுக்குப் போனேன். தூசி வருகிறது என்று படுக்கையறை ஜன்னலை அவள் எப்போதும் சாத்தியே வைப்பாள். தெருவில் நின்று அதற்கு நேரே இரண்டு கையாலும் கேமராவைத் தூக்கிப் பிடித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஆள் நின்றான். மங்கலான மஞ்சள், ஏறக்குறைய என் உயரம். படம் எடுத்துக்கொண்டேன். உள்ளே போனால் அவள் மட்டும் இருந்தாள்.

"யார் வந்தது?"

"யாரு வருவா? தலைவலின்னு படுத்திருந்தேங்க. ஏன், ஒரு மாதிரி இருக்கீங்க?"

கத்திக் கூப்பாடு போடுகிற ஆள் இல்லை நான்.

அடுத்த வாரம் நீராவிக் குழாயைப் பிரிக்கும் வேலை வந்தது. வால்வை அடைத்த பிறகு, குழாய் ஆறிவிட்டது என்று நான் சொன்னால்தான் ஃபிட்டர் போல்ட்டில் கை வைப்பான். வால்வு அடைத்துத்தான் இருந்தது, ஆனால் உள்ளே கசிந்துகொண்டிருந்தது. கறுப்புப் பெயின்ட் அடித்த குழாய் இணைப்பை நான் கேமராவில் பார்த்தபோது மஞ்சளையும் தாண்டி வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்திலேயே குழாய்மேல் அலுமினியத் தகடு சுற்றியிருந்தார்கள், புத்தம் புதுசு. கேமராவை அதன்மேல் திருப்பினேன். அழகான நீலம்.

"ஆறிடுச்சாண்ணே?"

"நீயே பாரு."

"நான் பார்த்து என்ன தெரியப்போகுது? நீங்க சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தான்.

அந்த அறையே அடுப்பு மாதிரி சார். எது எங்கிருந்து சுடுகிறது என்று உடம்புக்குத் தெரியாது. நான் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். பல்லவியை இரண்டாம் தடவை எடுத்தான், முடிக்கவில்லை. உடனே உயிர் போகவில்லை என்பதில் எனக்கும் வருத்தம்தான். ஆம்புலன்சில் ஏற்றும்போது என் கையைத் தேடினான். கொடுத்தேன்.

நான் படம் எடுத்த அந்த மதியம் ஃபிட்டர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான் என்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் ஆயிரம் பேர் வருவார்கள், போவார்கள். யார் யாரை ஞாபகம் வைத்திருக்கப்போகிறார்கள்? என் மனைவி இதுவரை என்னைப் பார்க்க வரவில்லை. எந்த முகத்தோடு வருவாள்? எனக்கு இனி வீடும் இல்லை, ஒன்றும் இல்லை. அதனால்தான் எதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

இந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருக்கிறீர்கள். நானும் எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆமாம், இரண்டு கையையும் தூக்கி, ஒரு பெட்டி மாதிரி எதையோ முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறான். அது என்ன பெட்டி என்று என்னைக் கேட்டால் எனக்கு எப்படித் தெரியும் சார்? முகத்தை மறைத்துக்கொள்கிறான், அவ்வளவுதான். இப்படி மறைத்துக்கொண்டு நிற்கிறவன் யோக்கியனாக இருப்பானா, நீங்களே சொல்லுங்கள்.