சாவி வாட்ச்

இருந்தவர்கள் மூன்று பேர். கீரனூர் வீட்டுக் கூடத்தில், சாப்பாட்டு மேசையில் பேனாவும் இன்லேண்ட் லெட்டருமாக ஹரிணி. எதிர் நாற்காலியில், சொல்லச் சொல்ல எழுத வைக்கும் அவள் அம்மா மணிமேகலை. சன்னலோரம் இருவருக்கும் முதுகு காட்டி, செய்தித்தாளுக்குள் அப்பா ஆண்டியப்பன்.

— ‘அன்புள்ள அண்ணன் ராசு அவர்களுக்கு.’ எழுதிட்டேன். அப்புறம்?

— ‘நலம், நலமறிய ஆவல்.’ அதுக்குக் கீழ ஒரு வரி எடம் விடு. எதையும் வரிசையா எழுதணும்.

— ஏம்மா, போன் பண்ணினா ரெண்டு நிமிசம்.

— என் குரலக் கேட்டதும் ஒங்க மாமா போன வச்சிரும். லெட்டர்னா, அதுவும் ஒன் கையெழுத்துல வந்தா, பிரிச்சுப் படிச்சுத்தான் ஆகணும்.

— சரி, சரி. லெட்டரும் இப்ப பேஷன்தான். சந்தோஷ் தேடுற சாவி வாட்ச் மாதிரி.

— நல்லாப் பிடிச்சியே ஒரு மாப்பிள்ளைய! ஊரே செல்லு மாதிரி ஒண்ணக் கையில கட்டிக்கிட்டுத் திரியுது. இவரு பழைய வாட்ச்சுக்குத் திருச்சியில கடை கடையா ஏறி எறங்குறாராம்.

— அவங்க ஆபீஸ்ல எல்லாரும் அதுக்குத்தாம்மா அலையுறாங்க. தினமும் காலையில சாவி கொடுக்கணும், ஒரு நாள் விட்டா நின்னுபோயிரும். அதுதான் கெத்தாம். நம்ம பீரோவுல ஒண்ணு சும்மாதானே கெடக்கு?

— அதுக்குத்தானே இந்த லெட்டரே. எழுது. ‘ஹரிணிக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது. அவள் காதுகுத்துக்கு வந்தபோது அவள் அப்பாவுக்கு நீங்கள் கொடுத்த வாட்சை மாப்பிள்ளைக்குப் போடப்போகிறோம். தாய்மாமன் நீங்கள்தான் வந்து அதை அவர் கையில் கட்டிவிட வேண்டும்.’

— அன்னைக்கு என்னதாம்மா நடந்துச்சு?

— ஒங்கப்பா வாட்சத் தூக்கிக் காட்டி, ‘பேட்டரி வாட்ச் வந்து எத்தன காலமாச்சு, தெனம் இதுக்கு எவன் சாவி கொடுக்குறது மச்சான்?’ன்னாரு. பந்தியே சிரிச்சுச்சு. அண்ணன் எலையில கை வைக்காம எந்திரிச்சுப் போயிருச்சு. அதுக்கப்புறம் இந்த வாசப்படிய மிதிக்கல.

— அப்பா, காதுல விழுதா?

— ம்.

— அத எழுதிராத. இத எழுது. ‘ஜெகதாப்பட்டினம் ஐஸ் கம்பெனியில் கை மரத்துப்போக உழைத்து வாங்கினது அந்த வாட்ச். அந்தக் கையால்தான் என்னையும் படிக்க வைத்தீர்கள். நான் படித்ததால் என் மகளையும் படிக்க வைத்தேன். இதற்கெல்லாம் நான் ஒரு நன்றி சொன்னதில்லை. அன்று எல்லோரும் சிரித்தபோதும் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன். நன்றி அண்ணே. நீங்கள் வராமல் என் பெண் மணவறை ஏற மாட்டாள்.’

— அம்மா, அழுகாத. எழுத்து அழியுது.

— யாரு அழுதா? போயி அந்த வாட்ச எடுத்துட்டு வா. எத்தன வருசமா பீரோவுக்குள்ள கெடக்கோ, துரு ஏறியிருந்தா ரிப்பேருக்குக் கொடுக்கணும்.

— அம்மா! இது ஓடுது!

— எது ஓடுது?

— வாட்ச்தான். டிக் டிக்குங்குது பாரு. மணிகூட என் போன்ல இருக்கிற அதே மணி.

— அதெப்படி? நான் தொட்டதே இல்லையே.

— நானும்தான் தொடல. ஒரு நாள் சாவி கொடுக்காட்டி நின்னுரும்னு… அப்பா!

— என்னங்க. அந்தப் பேப்பரக் கீழ வைங்க.

— பொருள் வீணாப் போயிரக் கூடாதுன்னுதான்.

— தெனமுமா?

— காலையில. நீ அடுப்படியில இருக்கையில.

— என்ன மனுசங்க நீங்க! இத ஒரு வார்த்தை எங்கண்ணங்கிட்டப் போயிச் சொல்லியிருக்கக் கூடாது?

— எந்த மூஞ்சியோட போறது? ஏம்மா ஹரிணி, லெட்டர ஒட்டிட்டியா?

— இந்தா, ஒட்டியாச்சு. பஸ் ஸ்டாண்டுப் பெட்டியில போட்டுட்டு வாரேன்.

— பெட்டியில வேணாம். கொண்டா இங்கிட்டு. நானே மச்சான் கையில கொடுக்குறேன்.

— ஜெகதாப்பட்டினத்துக்கா! புதுக்கோட்டை, அறந்தாங்கின்னு பஸ் மாறி மாறிப் போகணுமே. இந்தக் கைலியோடவா?

— வேட்டிய எடுத்து வை, மணி. ஹரிணி, நீ அந்த வாட்ச எடு. கட்டிக்கிறேன்.

— அப்பா, அது சந்தோஷுக்குன்னு எழுதி ஒட்டியாச்சு!

— மாப்பிள்ளைக்கு வேற தேடிக்கலாம்மா. இது மச்சான் எனக்குக் கொடுத்தது.