வள்ளிநாயகத்தின் வகுப்பும் மேலாளரின் கட்டளையும்

இந்த இரங்கல் கூட்டத்தின் மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கணினி மையத்தின் ஊழியர்களே, கொட்டாரத்திலிருந்து வந்திருக்கும் உறவினர்களே, வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். மையம் அனுப்பிய மலர்வளையத்தை நான் துக்கத்தில் நிலை மறந்து தெருவில் வீசியதாகப் பேசிக்கொள்கிறீர்கள். நான் வீசவில்லை. முழு நிதானத்தோடு, அது வந்த வண்டியிலேயே ஏற்றித் திருப்பி அனுப்பினேன். ஏன் என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

என் கணவர், பயிற்சி ஆசிரியர் வள்ளிநாயகம், மெயின்பிரேமில் முதல் நாள் பாடம் நடத்தியவர். ஒரே பெரிய இயந்திரம்; அதற்குள் ஒவ்வொருவருக்கும் தனிக் கணினி போல நடக்கும் ஒரு மெய்நிகர் இயந்திரம். லாகான் அடித்து உள்ளே போ. குவெரி யூசர்ஐடி அடித்து, யார் பெயரில் உட்கார்ந்திருக்கிறாய் என்று பார். நீ வேலை செய்வதற்கான இயங்குதளம், சிஎம்எஸ்ஸை ஏற்று. ஃபைல்லிஸ்ட் அடித்து உன் கோப்புகளைப் பார். வேலை முடிந்தால் லாகாஃப். இதை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தார்! ஒருவரிடமாவது முகம் சுளித்தாரா?

ஷட்டவுனைப் பற்றி அவர் சொன்னது உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

“ஏலே, வீட்டு லைட்டை அணைக்க டிரான்ஸ்ஃபார்மர்ல ஏறுவியா? ஒனக்க மெஷினை விட்டு வெளிய வர லாகாஃப் போதும். ஷட்டவுன் அடிச்சா எல்லாவனுக்க மெஷினும் போச்சு!”

சாதாரண ஊழியர் அடித்தால் அந்தக் கட்டளை வேலை செய்யாது. ஆனால், மேலாளர் திரு. கிருஷ்ணமணி அவர்களே, சாதாரண அனுமதி உங்களுக்குப் போதவில்லை! மேலாளர் என்ற கௌரவத்துக்காக, மொத்த இயந்திரத்தையும் நிறுத்தக்கூடிய ஆபரேட்டரின் அதிகாரத்தைக் கேட்டு வாங்கினீர்கள். அவருடைய வகுப்பிலிருந்து பாதியில் எழுந்து போனீர்கள். அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது, வீட்டுக் கணினியை அணைப்பது போல ஷட்டவுன் அடித்தீர்கள். மையம் முழுவதும் நின்றது. பக்கத்து இருக்கையில் அவருடைய மாணவி ஆர்த்திகா இருந்தாள்.

“சார், என்னத்த அடிச்சீங்க?”

“எனக்க மெஷினைத்தானே அணைச்சேன், மக்கா!”

“எல்லாருக்க மெஷினையும்லா அணைச்சிட்டீங்க!”

விசாரணையில் என்ன சொன்னீர்கள்? பயிற்சி சரியில்லை என்றீர்கள். அவரிடமிருந்து வகுப்பைப் பறித்தீர்கள். ஓய்வு பெறும் வரை அவரைப் பழைய சாமான் அறையில் உட்கார வைத்தீர்கள்.

“விட்டிருட்டி. எனக்க பிள்ளையளுக்கு உண்மை தெரியும்லா” என்றார் அவர், தன் மாணவர்களை நினைத்து. அவர் விட்டார். நான் விடவில்லை. சற்று முன்பு, “தன் தவறைப் பெருந்தன்மையோடு ஏற்றவர்” என்று இதே ஒலிபெருக்கியில் அவரைப் புகழ்ந்தீர்கள். எந்தத் தவறு? யாருடைய தவறு?

அவருடைய பாடம் நிற்காது. திங்கட்கிழமை முதல் எங்கள் வீட்டு முன்னறையில் ஆர்த்திகா அதை நடத்துவாள். ஷட்டவுன் வரும் இடத்தில் உதாரணமாக உங்கள் பெயர் சொல்லப்படும், இனிஷியலோடு, பதவியோடு. உங்கள் பேரனே படிக்க வந்தாலும் உதாரணம் மாறாது. அது என் உறுதிமொழி.

உங்கள் இரங்கல் எனக்குத் தேவையில்லை. அன்று அந்தக் கட்டளையை அடித்தது யார் என்று, உங்கள் கையொப்பத்துடன் எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.