மூணாவது செட் கம்பி

— இது இல்லம்மா. இன்னும் பளபளங்குது.

— சத்தம் எப்படி சார் பளபளங்கும்? தேய்ச்சு வச்ச பாத்திரமா அது?

— அடிப்படையில நான் எதிர்பார்க்குறது பழைய காலத்துச் சத்தம். வட்டமா, கதகதப்பா, ஓரமெல்லாம் தேஞ்ச மாதிரி. இதைப் பத்தி நிறையப் படிச்சிருக்கேன். சுத்த நிக்கல் கம்பி போடணும், கொஞ்சம் தடிமனா. கம்பிக்கு அடியில சத்தத்தை வாங்குற பிக்கப்பை நல்லா கீழ இறக்கணும். டோன் குமிழைப் பாதியா குறைக்கணும்.

— அத்தனையும் பண்ணியாச்சு சார். கம்பியைக்கூடத் தூக்கி வச்சுட்டேன். இப்ப இதை அழுத்தி வாசிக்க ஒரு பயில்வான் வேணும்.

— அப்படியும் அது வரலையே.

— நான் கிட்டார் ரிப்பேர் பண்றவ சார். ஆவியைக் கூப்பிடுற வேலையெல்லாம் நமக்கு வராது. இது உங்க வீட்டம்மா கிட்டார்தானே? அவங்களையே கூட்டிட்டு வாங்க. அவங்க கை வச்சா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

— அவ போயிட்டா. மழைக்காலம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால.

— அடடா. மன்னிச்சுக்குங்க சார். என் வாய்க்குப் பூட்டே கிடையாது.

— பரவால்ல. எல்லாரும் மன்னிப்பு கேக்குறாங்க, துக்கம்ங்கிறாங்க. எனக்குத்தான் ஒண்ணும் ஆகல. அன்னிக்கு வந்தவங்களுக்கு நாற்காலி பத்துமான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அதுல குறை சொல்ல முடியாது.

— பிள்ளைங்க?

— ஒரு பொண்ணு. வெளியூர்ல இருக்கா. ‘ஒரு தடவை அழுதுடுங்கப்பா’ன்னு ஃபோன்ல கெஞ்சுறா. முறைப்படி முயற்சி பண்ணேன்மா. கண்ணாடி முன்னால நின்னு பாத்தேன். மூக்குல முடி வளந்திருக்கு, வெட்டணும்னு தோணுச்சு. வேற ஒண்ணும் வரல.

— ம்.

— சாயங்காலமானா அவ வாசிப்பா. அந்தச் சத்தம் கேட்டா ஏதாவது வரும்னு நினைக்கிறேன். அதுதான் என் கோரிக்கை.

— கோரிக்கையா! ஆபீசுல பெரிய நாற்காலியில இருந்தீங்களோ?

— துணை இயக்குநர்.

— அதான பாத்தேன். சரி, சொல்லுங்க. பிக் வச்சு வாசிப்பாங்களா, வெறும் விரலாலயா?

— அது... கவனிக்கல.

— நின்னுக்கிட்டா, உக்காந்தா?

— அங்க ஒரு ஸ்டூல் இருக்கு. உக்காந்துதான் வாசிச்சிருக்கணும்.

— வாசிச்சிருக்கணும். சரி விடுங்க.

— ஏம்மா, கல்யாணமானதுலேர்ந்து நாள் தவறாம கேட்டிருக்கேன். அந்தச் சத்தம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

— கோவிச்சுக்காதீங்க. கிட்டார் பெட்டிக்குள்ள ஒரு காலி கம்பி பாக்கெட் கிடந்துச்சு சார். சாதாரணக் கம்பிதான், காலேஜ் பசங்க வாங்குறது. பளீர்னு மணி அடிச்ச மாதிரி கேக்கும். அவங்க போட்டது அதுதான் போல.

— இருக்காது. எவனாவது கடைக்காரன் அவ தலையில கட்டியிருப்பான். இந்த நுணுக்கமெல்லாம் அவளுக்கு எங்க தெரியும்?

— ஆயுசு பூரா வாசிச்சவங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

— நான் படிச்சேன்மா.

— மூச்சுக்கு மூச்சு தெரியுதே. சரி, இதைக் கேளுங்க. ரெண்டாவது செட். மேல நாடா சுத்தின மாதிரி வழவழன்னு இருக்கும், விரல் உரசுற சத்தம்கூட வராது. பழைய சத்தம்னா எல்லாரும் கடைசியில இதுலதான் வந்து விழுவாங்க... எப்படி?

— இல்ல. போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு.

— நீங்க கேட்டதும் அதானே சார்?

— இல்லம்மா. அது தூரத்துல இருக்கும். ஆனா வீட்டுக்குள்ளயே இருக்கும். எப்படிச் சொல்றது...

— தூரம்னு ஒரு கம்பி இன்னும் கடைக்கு வரல சார். ஒண்ணு பண்றேன். அவங்க பாக்கெட்ல இருந்த அதே கம்பியைப் போடுறேன், மூணாவது செட்டா. பிக்கப்பைப் பழையபடி ஏத்திடுறேன், டோனை முழுசாத் திறந்துடுறேன். கேட்டுட்டு என்னைத் திட்டுங்க, வாங்கிக்கிறேன்.

— வீண் வேலை.

— கம்பி நான் மாட்டுறேன், உங்களுக்கு என்ன வலிக்குது? செத்த நேரம் உக்காருங்க.

— ஆச்சா?

— ஆச்சு. கிட்டாரை மாட்டுற இந்த ஆம்ப் பெட்டி சூடாயிடுச்சு, உள் ரூம்ல இன்னொண்ணு இருக்கு. அங்க போய் வாசிக்கிறேன், வந்ததும் அவங்க வாசிக்கிற பாட்டுன்னு நீங்க முணுமுணுத்துக் காட்டினீங்களே, அந்தத் துண்டையே. வர்றீங்களா?

— வேண்டாம். இங்கயே உக்காந்து கேட்டுக்குறேன். பேப்பர் இருக்கா?

— நேத்துப் பேப்பர்தான் இருக்கு.

— பரவால்ல, குடு.

— ஆரம்பிக்கிறேன் சார்! கேக்குதா?

— ஏம்மா! ஏம்மா, இங்க வா!

— என்ன சார், என்னாச்சு? ஏன் எந்திரிச்சு நிக்கிறீங்க?

— இதுதான். இதேதான். வட்டமா, ஓரம் தேஞ்சு... அவதான் இது. என்ன மாத்தின?

— ஒண்ணும் மாத்தலையே! கடையில இருக்கறதுலயே பளீர்னு கேக்குற கம்பி சார் இது. உள்ள எனக்குக் காதே கூசுது. உங்களுக்கு மட்டும் எப்படி... ஓ.

— என்ன ஓ?

— ஒண்ணுமில்ல. காத்துல கதவு சாத்திக்கிச்சு. இப்பத்தான் திறந்துட்டு வர்றேன்.

— கதவா?

— ஆமா சார். நீங்க கேட்டது சாத்தின கதவு வழியா. அதுல பளபளப்பு பூரா வடிஞ்சு போயிடும். உங்க வீட்ல அவங்க வாசிக்கிற ரூமு...

— சாத்தித்தான் இருக்கும். நான் கூடத்துல செய்தி பாப்பேன். முக்கியமான நேரம் அது.

— ம்.

— பாரும்மா, கண்ணு காய்ஞ்சுதான் கிடக்கு. அதே சத்தம் கேட்டாச்சு. அப்பவும் ஒண்ணும் வரல.

— விடுங்க சார். இன்னொரு தடவை வாசிக்கிறேன். இந்தத் தடவை கதவைத் திறந்து வச்சுக்கட்டுமா?

— தினம் சாயங்காலம் அவளும் இதையேதான் கேப்பா.