கோடு தெரியாத பிள்ளைகளின் டாக்டர் சிசிலியா

மேடையில் இருக்கும் மருத்துவர்களே, ஜனக்புரித் தமிழ்ச் சொந்தங்களே, முனிர்காவிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோர் முன்னும் கைகூப்பி நிற்கிறேன். நான் ஜெயகிருஷ்ணன். டாக்டர் சிசிலியா அம்மையாரின் கிளினிக்கில் பதினான்கு ஆண்டுகள் கண்ணாடிக்கு அளவு பார்த்தவன். எனக்கு மேடையில் பேசத் தெரியாது. அவருக்கான இந்த இரங்கல் கூட்டத்தில் பேசவும் முடியவில்லை.

கண்தான் பார்க்கிறது என்று நினைக்கிறோம், இல்லையா? பார்ப்பது மூளை என்பார் டாக்டரம்மா. மூளையின் பின்பக்கத்தில், நின்ற கோட்டுக்குத் துடிக்கும் செல்கள் தனி. படுத்த கோட்டுக்குத் தனி. சாய்ந்த கோட்டுக்குத் தனி. சாய்வு கொஞ்சம் கொஞ்சமாக மாறும்படி பக்கத்தில் பக்கத்தில் அமைந்திருக்கின்றன. சிறு வயதில் ஒரு திசைக் கோடு மட்டும் மங்கலாகவே தெரிந்துவந்தால், அந்தத் திசைக்கான செல்கள் தேறுவதில்லை. பிறகு நல்ல கண்ணாடி மட்டும் போட்டால் கோடு தெளியாது; சிறு வயதிலேயே பயிற்சியும் வேண்டும்.

எங்களிடம் வந்த அபூர்வா என்ற பிள்ளைக்கு அதுதான் நடந்தது. ஆறு வயது. ஹிந்தி எழுத்துகளின் தலைமேல் ஓடும் கோட்டை அவள் போடவே மாட்டாள். பள்ளியில் மக்கு என்றார்கள். நான் சரியான கண்ணாடி கொடுத்தும் பயனில்லை. டாக்டரம்மா மெல்லிய கோடுகள் போட்ட அட்டைகளைக் காட்டினார். நின்ற கோடுகளைத் தொட்டுக் காட்டினாள் பிள்ளை. படுத்த கோடுகள் இருந்த அட்டையைப் பார்த்து, "இதுல ஒண்ணுமே இல்லியே ஆன்ட்டி" என்றாள்.

அவள் அம்மா அழுதார்.

"ஏம்மா அழுதிய? பிள்ள மக்கு இல்ல. படுத்த கோட்ட அவ மூள இன்னும் படிக்கல, அவ்வளவுதான். படிக்க வைப்போம்" என்றார் டாக்டரம்மா.

ஐந்து மாதம் தினமும் பயிற்சி. ஒரு நாள் அபூர்வா தன் பெயரை எழுதி, தலைக்கோட்டை ஒரே இழுப்பாக இழுத்தாள்!

ஆனால் ஷ்ரவண் என்ற பையனைப் பதின்மூன்று வயதில்தான் கொண்டுவந்தார்கள். ஓராண்டு போராடினோம். தேறவில்லை. "நாலு வயசுல நம்ம கைல கெடச்சிருக்கணும், ஜெயகிருஷ்ணா" என்று சொல்லி டாக்டரம்மா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகுதான் ஞாயிறுதோறும் முனிர்கா சந்துகளில் மாடி மாடியாக ஏறிப் பிள்ளைகளைத் தேடினார்.

சென்ற செவ்வாய்க்கிழமை துவாரகாவிலிருந்து மெட்ரோவில் வரும்போது டாக்டரம்மாவுக்கு மாரடைப்பு. முடிந்துவிட்டது. பத்தொன்பது பிள்ளைகள் சிகிச்சையின் நடுவில் நிற்கிறார்கள். நம் துக்கம் ஆறும்வரை அந்தப் பிஞ்சு மூளைகள் காத்திருக்குமா? இழந்த மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்?

நான் மருத்துவன் இல்லை. அவர் சொன்ன பயிற்சியைச் செய்ய வைப்பேன். அடுத்தது என்ன என்று முடிவு செய்ய எனக்குத் தகுதியில்லை. மருத்துவர்களே, உங்களில் ஒருவர் போதும். வாரம் ஒரு நாள் போதும்!

இன்று காலை ஒரு தாய் போன் செய்தார்; அண்ணன் என்பதை ஹிந்தியில் 'பையா' என்றே சொல்லி என்னைக் கூப்பிடுபவர். "பையா, திங்கக்கிழமை வரலாமா? இல்ல, கிளினிக்க பந்த் பண்ணி மூடிட்டீங்களா?"

"வாங்க" என்று சொல்லிவிட்டேன். யாரை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கதவைத் திறப்பேன்.