பிட் வெளியே வந்த ஞாயிற்றுக்கிழமை

மேலே எழுதியிருக்கும் பெயரும் விலாசமும் என்னுடையவைதான். வயது நாற்பத்து நான்கு. பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் சொந்தமாக டயர் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலே உள்ள இரண்டு அறைகளில் தனியாகக் குடியிருக்கிறேன். திருமணம் ஆகவில்லை. ஏன் என்று விசாரிக்கும் போலீஸ் அதிகாரி கேட்டார். அது இந்த வழக்குக்குத் தேவையில்லை என்று சொன்னேன். பந்தயம் நடக்கும் மண் டிராக்கில் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. டயர்க்காரி என்றால் தெரியும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அந்த டிராக்கில், டயர் மாற்ற ஜாக்கியால் தூக்கி நிறுத்தியிருந்த என் தம்பியின் பந்தயக் கார் சரிந்து விழுந்ததில், தம்பி மனைவியின் வலது கை நசுங்கியது. புழுதி அடங்க டிராக்கில் தண்ணீர் தெளிக்கும் லாரியின் ஓட்டுநர் மண்ணை ஈரமாக்கியதுதான் காரணம் என்று தம்பி புகார் கொடுத்திருக்கிறான். அது தொடர்பாக என்னை அழைத்து விசாரிப்பதால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தம்பி என்னைவிடப் பத்து வயது இளையவன். லாரிப் பட்டறையில் மெக்கானிக். அம்மா இறந்த பிறகு நான்தான் அவனை வளர்த்தேன் என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். வளர்த்தேன் என்பது பெரிய வார்த்தை. வேளாவேளைக்குச் சோறு போட்டேன், அவன் பாட்டுக்கு வளர்ந்தான். அதன் பிறகு அவன் ஒரு பழைய காரை வாங்கிப் பிரித்துப் பூட்டிப் பந்தயத்தில் ஓட்டத் தொடங்கினான். முதல் பந்தயத்திலிருந்தே அவன் காருக்கு டயர் மாற்றுவது நான்.

எங்கள் டிராக் முட்டை வடிவத்தில் இருக்கும். சுற்றிலும் மண் பாதை, நடுவில் காலி மைதானம். கார்களை நிறுத்தி டயர் மாற்றுகிற, ரிப்பேர் பார்க்கிற இடத்தை பிட் என்போம். எல்லா அணிகளுக்கும் பிட் அந்த நடு மைதானத்தில்தான் இருந்தது. பந்தயம் தொடங்கியதும் மைதானத்துக்குள் போகும் கதவைச் சாத்திவிடுவார்கள். கார்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போது பாதையைத் தாண்டி யாரும் உள்ளே வர முடியாது, உள்ளே இருப்பவர்கள் வெளியே போகவும் முடியாது. ஒரு காருக்கு ஓர் உதவியாள்தான் உள்ளே இருக்கலாம். தம்பி காருக்கு அது நான். வீட்டு ஆட்கள் வேலிக்கு வெளியே உட்கார்ந்து பார்ப்பார்கள். கல்யாணம் ஆன பிறகு தம்பி மனைவியும் அங்கேதான் உட்கார்ந்தாள்.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். நல்ல பெண் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் வாயால் சொல்லியிருக்கிறேன். வந்த நாளிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். தம்பி கூப்பிடுவதும் அதே வார்த்தை. அவள் வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். அவன் சட்டை, அவன் சாப்பாடு, அவன் தலைவலிக்கு மாத்திரை என்று ஒவ்வொன்றாக அவள் கைக்குப் போனது. கடைக்கு வந்தால் நின்றபடியே பேசிவிட்டுப் போகும் அளவுக்கு அவனுக்கு வீட்டில் வேலை வந்துவிட்டது. எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு. அதிகாரி இதை இப்படியே எழுதலாம்.

ஆனால் கதவு சாத்திய பிறகு, அந்த நடு மைதானத்தில் அவனுக்கு என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது. என்ஜினைக் குனிந்து பார்த்துக்கொண்டே கையைப் பின்னால் நீட்டுவான். எந்த ஸ்பேனர் என்று சொல்ல மாட்டான். சரியானதை நான் வைப்பேன். மற்ற நாளெல்லாம் அவளுக்கு, ஞாயிறு எனக்கு என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் டிராக் சங்கத்தின் கூட்டம் டிக்கெட் கொடுக்கும் தகர அறையில் நடந்தது. தம்பி தன் மனைவியையும் அழைத்து வந்திருந்தான். அவள் எழுந்து, "உள்ள ஒருத்தருக்கு ஏதாவது ஆச்சுன்னா, ரேஸை நிறுத்துற வரைக்கும் ஆம்புலன்ஸ் வெளியவே நிக்கணுமா? பிட்டை வேலிக்கு வெளிய கொண்டு வந்தா என்ன?" என்று கேட்டாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

நான் எழுந்து எதிர்த்துப் பேசினேன். வேலிக்கு வெளியே இருப்பது பள்ளமான இடம், எப்போதும் ஈரம் காயாது என்றேன். வேடிக்கை பார்க்க வருபவர்கள் காலுக்குள் புகுந்துகொண்டு நிற்பார்கள், ஸ்பேனருக்கெல்லாம் கால் முளைத்துவிடும் என்றேன். ஒவ்வொரு முறையும் கார்கள் கதவில் வரிசை கட்ட வேண்டும் என்றேன். நான் சொன்ன காரணங்களில் பொய் ஒன்றும் இல்லை. உண்மையான காரணத்தை மட்டும் சொல்லவில்லை. சங்கச் செயலாளர், "டயர்க்காரிக்கு உள்ள சொந்த வீடு இருக்குபோல" என்று சொல்ல, அறை முழுவதும் சிரித்தது. தம்பியும் சிரித்தான். அதன் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிட்டை வெளியே வைத்துப் பார்க்கலாம் என்று முடிவானது.

இந்த இடத்தில் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈர மண்ணில் ஜாக்கியை அப்படியே வைத்தால் பாரம் ஏறியதும் ஒரு பக்கமாக இறங்கிவிடும். அதனால் அடியில் தடித்த பலகை ஒன்றைப் போட்டு, அதன் மேல்தான் ஜாக்கியை வைப்பேன். இதை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. தம்பி அந்த நேரத்தில் என்ஜினுக்குள் தலையை விட்டிருப்பான், அவன் பட்டறையில் சிமெண்டுத் தரை, பலகைக்கு அவசியமே இல்லை. குனிந்து பலகையைக் காருக்கு அடியில் தள்ளுவேன். வேலிக்கு வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஜாக்கியின் கைப்பிடி ஏறி இறங்குவது தெரியும். அடியில் என்ன இருக்கிறது என்பது தெரியாது.

சம்பவத்தன்று வழக்கம்போல என் வேனில் டயர், ஜாக்கி, பலகை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனேன். வெளிப் பிட்டில் தம்பியின் காருக்குக் கொடுத்த இடம் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது. ஜாக்கியையும் டயரையும் இறக்கினேன். பலகையை இறக்குவதற்குள் தம்பி வந்து, "அக்கா, இன்னைக்கு டயரை அவளே மாத்தட்டும். ரொம்ப நாளா ஆசைப்படுறா. நீ சும்மா உக்காரு, எத்தனை வருஷம்தான் கஷ்டப்படுவ" என்றான். அன்பாகத்தான் சொன்னான். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. "மாத்தட்டும், எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு, வேனின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். பலகை என் காலடியில் கிடந்தது. அதன் மேல் காலை வைத்துக்கொண்டேன்.

முதல் பந்தயம் முடிந்து தம்பி காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். இறங்கி முன்மூடியைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டபடியே குனிந்து பார்த்தான். அதன் பிறகு, திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினான். நான் வேனில் இருந்தபடியே எழப் போனேன். அதற்குள் அவள் ஒரு ஸ்பேனரை எடுத்து அவன் கையில் வைத்தாள். அது சரியான ஸ்பேனர். அவன் வாங்கி வேலையைப் பார்த்தான். கை மாறியது அவனுக்குத் தெரியவே இல்லை.

அதன் பிறகு அவள் பின்சக்கரத்துக்கு வந்தாள். நான் குனிவது போலவே ஒரு முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக் குனிந்தாள். நான் செய்வது போலவே கையைக் காற்சட்டையின் பின்புறம் துடைத்துக்கொண்டாள். ஜாக்கியின் கைப்பிடியை அழுத்துவதற்கு முன் நான் ஒரு தடவை உலுக்கிப் பார்ப்பேன், அவளும் உலுக்கினாள். இத்தனை நாளும் வேலிக்கு வெளியே உட்கார்ந்து அவள் என் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுதான் நினைத்திருந்தேன். என்னைப் பார்த்திருக்கிறாள். வேலிக்கு வெளியிலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவையும் படித்து வைத்திருக்கிறாள். பலகை மட்டும் இல்லை. ஜாக்கி நேராக ஈர மண்ணில் நின்றது.

நான் அதைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. கார் கொஞ்சம் இறங்கட்டும், எல்லோர் முன்னாலும் அவமானப்படட்டும், அப்போது பலகையை எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். கை போகும் என்று நினைக்கவில்லை.

அவள் சக்கரத்தைக் கழற்றிக் கீழே வைத்தாள். அப்போது நட்டு ஒன்று உருண்டு காருக்கு அடியில் போனது. ஜாக்கியில் மட்டும் நிற்கிற காருக்கு அடியில் கையை விடக் கூடாது. அதையும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கையை விட்டாள். ஜாக்கி சாய்ந்து கார் இறங்கியது. நான் பலகையையும் வேனில் இருந்த இன்னொரு ஜாக்கியையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். பலகையைப் போட்டுக் காரைத் தூக்கிக் கையை வெளியே எடுத்தேன். அப்போது டிராக்கில் அடுத்த பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. பிட் வெளியே இருந்ததால் ஆம்புலன்ஸ் நேராக வந்துவிட்டது. பழைய இடமாக இருந்தால் பந்தயத்தை நிறுத்திக் கதவைத் திறக்கும்வரை அவள் கிடந்திருக்க வேண்டும்.

மருத்துவமனையில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். தம்பி அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்த நேரத்திலும் எனக்கு வயிறு எரிந்தது. இதையும் சொல்லிவிடுவது நல்லது.

தண்ணீர் லாரி ஓட்டுநரை எல்லோரும் சொட்டு என்பார்கள். அவர் வண்டி எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும். அன்று மாலை தம்பி டிராக்குக்குத் திரும்பிப் போய் அவருடைய சட்டையைப் பிடித்து, "உன் ஓட்டை வண்டியாலதான்டா அவ கை போச்சு" என்று சொல்லி அடித்தான். அதன் பிறகு இங்கே வந்து புகார் கொடுத்தான். சங்கமும் அவரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இன்று நான் காவல் நிலையத்துக்குள் வரும்போது அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "டயரக்கா, நீங்களாவது சொல்லுங்க. நான் காலங்காலமா அங்கதான தண்ணி புடிக்கிறேன்" என்றார். அது உண்மை. அங்கே ஈரம் இருப்பது எல்லோருக்கும் தெரியும், கூட்டத்தில் நானே சொன்னேன். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. பலகை இல்லாததுதான் காரணம், பலகை என் காலடியில் இருந்தது. இதைக் கேட்ட பிறகு தம்பி என் கடைப் படி ஏற மாட்டான் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

இதுவரை எழுதியதை எழுத்தர் படித்துக் காட்டினார். அதன் பிறகு அதிகாரி, என் தம்பி மனைவி மருத்துவமனையில் கொடுத்த வாக்குமூலமும் பெரும்பாலும் இதோடு ஒத்துப்போவதாகச் சொன்னார். ஜாக்கியை வைக்கும்போது தான் யாரையும் கேட்கவில்லை என்றும், அக்கா வேனில் வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்றும் அவள் சொல்லியிருக்கிறாளாம். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கீழே உள்ளதைச் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

அவள் சொன்னது பொய். நான் வேறு பக்கம் பார்க்கவில்லை. வாயைத் திறக்கவில்லை என்று நான் மேலே சொல்லியிருப்பதும் பொய். காரைத் தூக்கியதும், சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்னால், அவள் என் பக்கம் திரும்பி, "அக்கா, சரியா இருக்கா?" என்று கேட்டாள். நான் ஜாக்கியைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றேன். என்ஜின் சத்தத்தில் தம்பிக்குக் கேட்டிருக்காது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவள் சொல்லியிருந்தால் நான் அன்றே இங்கே இருந்திருப்பேன். கையில் கட்டோடு படுத்துக்கொண்டு என்னைக் காப்பாற்றியிருக்கிறாள்.

தம்பியை எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டாள். இந்த நல்ல பெயரையும் அவளுக்கே விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் எழுதச் சொல்கிறேன். திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என்னை யாரும் மிரட்டவும் இல்லை, ஆசை காட்டவும் இல்லை. பின்னால் சேர்த்ததையும் படித்துக் காட்டினார்கள், காது கொடுத்துக் கேட்டேன். சரியாக இருக்கிறதா என்று எழுத்தர் கேட்டார். இந்த முறை சரியாக இருக்கிறது.

(கையொப்பம்)