ஜெனரலின் ஒன்பது பெட்டிகள்

மஞ்சூர்ப் பக்கத்து ஈரம் காகிதத்துக்கு ஆகாது, இன்ஸ்பெக்டர். ஜூன் பிறந்தால் அலமாரிக்குள் ஒரு பல்பை எரியவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆகஸ்டில் பக்கமெல்லாம் பூசணம் பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

நான் எட்மண்ட், இந்த எஸ்டேட்டில் பதினேழு வருஷமாக மேனேஜர். ஜீப் தாமதமானதற்காக டிரைவர் இசக்கியை மூன்று நாளாக ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நடந்ததை நானே எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் ஜெனரல் ஹார்ட்விக்கிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. சிரிக்காதீர்கள்.

லோரென்ஸ் ஹார்ட்விக் இரண்டாம் உலகப் போரில் ஒரு ஜெர்மன் டிவிஷனின் தளபதி. அவருடைய ராணுவ வாழ்க்கையை இருபத்திரண்டு வருஷமாக எழுதிவருகிறேன். பட்டாளத்தில் சேர்ந்த நாள் முதல் சிறைமுகாமில் இறந்த நாள் வரை, எந்தத் தேதியில் எங்கே இருந்தார் என்று கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வேன். அவருடைய ஆட்கள் ஒரு கிராமத்தை எரித்ததாக வழக்கு உண்டு. அதை அடிக்குறிப்பில் போட்டிருக்கிறேன். கடித நகல்கள், வரைபடங்கள், கையெழுத்துப் பிரதி எல்லாம் சேர்ந்து ஒன்பது பெட்டிகள்.

டைப் செய்தது என் மகள் ஃபெபி. அவள் அம்மா பிரிஸில்லா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பகலில் அவள் எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் டீச்சர், சாயங்காலம் எனக்கு டைப்பிஸ்ட். என் கோழிக்கிறுக்கலை அவளைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது.

பதினோராம் அத்தியாயத்தில் டிவிஷன் பின்வாங்குகிறது. ஆற்றின் அக்கரையில் ஒரு படைப்பிரிவை விட்டுவிட்டு, 'உதவி வருகிறது, அங்கேயே இருங்கள்' என்று ஹார்ட்விக் செய்தி அனுப்பினார். மற்றவர்கள் தப்பித்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் திரும்பவில்லை. அந்த இடத்தில் ஃபெபி டைப் செய்வதை நிறுத்திவிட்டாள்.

"ஏனுங்கப்பா, உதவி வராதுன்னு அவருக்கு முன்னாடியே தெரியுங்களா?"

ஆதாரம் இல்லை என்றேன். ஆதாரம் ஏழாவது பெட்டியில் இருந்தது. அவளுக்கு இளகிய மனசு, எதற்குக் காட்டுவானேன் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பெய்த மழையை நீங்களே பார்த்தீர்கள். மதியம் ஒன்றரைக்குத் தாலுகா ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஓடைக்குக் கீழே இருப்பவர்களை உடனே மேலே கொண்டுவரச் சொன்னார்கள். தொழிலாளர்கள் எல்லோரும் மேல்பக்கம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். கீழே இருந்தது காப்பகம் மட்டும்தான். பதினொரு குழந்தைகள், ஆயா தெய்வம்மா, ஃபெபி. ஜீப்புக்கு இரண்டு நடை.

அதே நேரத்தில் பங்களாவில் என் எழுத்தறைக்கு மேலே ஓடு பறந்துவிட்டது. ஜீப்பைப் பங்களா வாசலில் நிறுத்தச் சொன்னேன்.

"ஐயா, மொதல்ல புள்ளைங்களக் கூட்டியாந்துரலாமுங்க," என்றான் இசக்கி.

ஐந்து நிமிஷம்தான் என்றேன். ஒன்பது பெட்டிகளையும் தார்ப்பாய் சுற்றி ஏற்ற இருபது நிமிஷம் ஆனது. எஸ்டேட்டிலேயே ஈரம் தட்டாத இடம் ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் அறைதான். வண்டி அந்தப் பக்கம் திரும்பியபோது ஃபெபி போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, ஓடைத்தண்ணி செம்மண்ணா வருதுங்க. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நடந்தே மேல வந்துரட்டுங்களா?"

தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை உண்டு. குழந்தைகளோடு ஏறினால் இருபது நிமிஷம்.

"வேண்டாம்மா, வழுக்கும். ஜீப் கிளம்பியாச்சு. அங்கேயே இரு."

"சரிங்கப்பா."

அவள் என் பேச்சை ஒருநாளும் தட்டியதில்லை. அதற்குப் பிறகு மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். ஃபேக்டரியில் இறக்கிக்கொண்டிருந்தேன், கையில் பெட்டி இருந்ததால் எடுக்க முடியவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் காப்பகத்தின் மேல் மண் சரிந்தது. நடந்திருந்தால் வந்து சேர்ந்திருப்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. வழியில் மண் விழுந்து ஜீப் நின்றது என்று அன்று உங்களிடம் சொன்னது மட்டும் தவறு.

ஃபெபியை நான்தான் அடையாளம் காட்டினேன். இரண்டு குழந்தைகளை இடுப்போடு சேர்த்து அணைத்திருந்தாள். அஸ்வந்த், சுவாதி என்று யாரோ சொன்னார்கள். மற்ற ஒன்பது பேரின் பெயர் எனக்குத் தெரியாது. நேற்று அவளுடைய லேப்டாப்பைத் திறந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு என்ற இடத்துக்குப் பக்கத்தில், 'அப்பாகிட்ட இவங்க பேரெல்லாம் கேக்கணும்' என்று குறித்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதேன். என் பிள்ளை இல்லாமல் இந்த வீட்டில் இனி நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

இசக்கியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஜீப்பைத் திருப்பியது நான். அவர்களை அங்கேயே இருக்கச் சொன்னதும் நான். இதைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் திருத்தமாகக் குறித்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். என் மகளிடம் நான் பொய் சொல்லவில்லை. ஜீப் கிளம்பித்தான் இருந்தது.