ஏழாவது மஞ்சள் நூல்

எனக்கு முடிச்சுப் போடுவது நன்றாக வரும். ஆட்டின் கழுத்தில் இறுக்காமலும் நழுவாமலும் நூல் கட்ட, இந்த வட்டாரத்து மாட்டாஸ்பத்திரிகளில் என்னை விட்டால் ஆள் கிடையாது. விசாரிக்க வந்த நீங்களே சொன்னீர்கள், செத்த ஆடுகளின் கழுத்தில்கூட நூல் அவிழவில்லை என்று. நன்றி சார்.

கம்பவுண்டர் கோதண்டராமனுக்கு, அதாவது எனக்கு, ஈரல் புழு என்றால் உயிர். நத்தையிலிருந்து வெளியேறும் புழுக்குஞ்சு ஏரிப் புல்லில் ஒட்டிக்கொள்ளும்; மேய்கிற ஆடுமாட்டின் ஈரலில் போய்க் குடித்தனம் வைக்கும். ஒரு முறை நோய் கண்டு பிழைத்த மாடு அடுத்த மழைக்கு அசருவதில்லை. அதன் உடம்பே புழுவை விரட்டப் பழகிவிடுகிறது. செம்மறிக்கும் அப்படித்தானா? இந்தக் கேள்வி என்னைச் சாப்பிட விடவில்லை.

அடி அண்ணாமலை கிராமத்து ஆராயியிடம் பன்னிரண்டு செம்மறிகள் இருந்தன. எல்லாமே முந்தின வருஷம் என் மருந்தில் பிழைத்தவை. அவற்றை விற்றுத்தான் வைகாசியில் மகள் உண்ணாமலைக்குக் கல்யாணம். இதைவிடப் பொருத்தமான மந்தை எங்கே கிடைக்கும்? அறுபத்தொன்று ஐப்பசியில், நத்தை மொய்க்கும் ஏரிக்கரைப் புல்லை நானே அறுத்து, சைக்கிளில் கொண்டுபோய்ப் போட்டேன். தங்கமான மனுஷன் என்றாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

மார்கழியில் மருந்து கொடுக்கவென்று ஆறு ஆடுகளுக்குச் சிவப்பு நூல் கட்டினேன். மற்ற ஆறுக்கு மஞ்சள் நூல் கட்டி, சாக்பீஸ் கரைத்த தண்ணீர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மஞ்சளைப் பார்த்ததும் ஆராயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோயில் நூல் என்று நினைத்துவிட்டாள். உண்ணாமலை புட்டிப்பால் கொடுத்து வளர்த்த சிட்டு சிவப்பில் இருந்தது.

"எங்க சிட்டுக்கு மட்டும் இன்னா கம்மிங்க, கம்பவுண்டரய்யா? அதுக்கும் மஞ்ச நூலே கட்டிடுங்க. புண்ணியமாப் போவும்."

சிவப்பு ஐந்து, மஞ்சள் ஏழு என்று கணக்கு கோணலாகும். ஆனாலும் ஒரு தாய் மனசை நோகடிக்கலாமா? சிவப்பை அவிழ்த்து மஞ்சளைக் கட்டினேன்; சிட்டுக்கும் சாக்பீஸ் தண்ணீரே ஊற்றினேன்.

தைக் கடைசியில் தாடைகள் வீங்கின. மாசிக்குள் ஏழும் போயின, சிட்டு கடைசி. செம்மறியின் உடம்பு எதையும் கற்றுக்கொள்வதில்லை என்று நோட்டில் எழுதினேன். மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம்தான். நேரில் போய் ஆறுதல் சொன்னேன்.

புகார் கொடுத்தது எங்கள் டாக்டர், ஆராயி அல்ல. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவள் மிச்சமிருந்த ஐந்தையும் போன வாரம் என்னிடம்தான் ஓட்டி வந்தாள்.

"மஞ்ச எங்களுக்கு ஆவலிங்க. இந்த வாட்டி எல்லாத்துக்கும் செவப்பே கட்டிடுங்க."

மனுஷி கற்றுக்கொள்கிறாள், பாருங்கள். மூன்றாம் முறையாவது செம்மறி தாக்குப்பிடிக்குமா என்று பார்க்க, புதுப் புல்லும் போட்டாயிற்று. சாக்பீஸ் தண்ணீர் இந்தத் தடவை சிவப்புக்கு என்று நோட்டிலும் எழுதியாயிற்று. இருந்தாலும் நம்பி வந்தவளை ஏமாற்ற மனம் வரவில்லை. கேட்ட நிறத்தையே கட்டினேன்.